ஒத்திருப்பதெல்லாம் களவா?

கல்லூரி மாணவர்கள் பிறர் எழுதியதைத் தம்முடையதாகக் காட்டி மதிப்பெண் பெறுவது புதிய செய்தி அன்று. வில்லியம் பவர்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1964-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதற்காக அந்நாட்டில் 99 கல்லூரிகளைச் சேர்ந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் விவரம் கேட்டிருந்தார். படிக்கும் காலத்தில் ஏதேனும் ஒரு வகையில் ஏமாற்றியதாக அவர்களுள் பாதிப் பேருக்கு மேல் தாமே ஒப்புக்கொண்டார்கள். அன்று மாணவர் கையில் கணிப்பொறியும் இல்லை, கைபேசியும் இல்லை. எனவே, 'இணையம் வந்துதான் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள்' என்று புலம்புவோருடன் நாம் சேர்ந்துகொள்ள வேண்டியதில்லை.

இணையக் காலத்தில் புதிதாக வந்தது ஓர் எண். ஒரு கட்டுரையையோ ஆய்வேட்டையோ மென்பொருளிடம் கொடுத்தால், '23 விழுக்காடு' என்றோ '41 விழுக்காடு' என்றோ அது விடை தருகிறது. அந்த எண்ணைக் கொண்டு ஒருவர் நேர்மையானவரா, திருடரா என்று முடிவு கட்டுகிறோம். அறிவியல் படிக்கும் நீங்கள் எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பீர்கள் அல்லவா? இது எதை அளக்கிறது? அதே கேள்வியை இந்தக் கருவியிடமும் கேட்டுப் பார்ப்போம்.

வர்ஜீனியாவில் நடந்தது

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் லூயி புளூம்ஃபீல்டு என்ற இயற்பியல் பேராசிரியர் 'பொருள்கள் எவ்வாறு இயங்குகின்றன' என்ற பாடத்தை நடத்திவந்தார். அறிவியலைச் சிறப்புப் பாடமாக எடுக்காத மாணவர்களுக்கென்றே அமைந்த பாடம் அது. நூற்றுக்கணக்கானோர் ஒரே மண்டபத்தில் அமர்ந்து கேட்பார்கள். பருவத்தின் முடிவில் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு பொருளின் இயக்கத்தை விளக்கிச் சில பக்கக் கட்டுரை ஒன்று தரவேண்டும்.

2001-ஆம் ஆண்டு ஒரு மாணவி அவரிடம் வந்து முறையிட்டார். தாம் உழைத்து எழுதிய கட்டுரைக்குக் குறைந்த மதிப்பெண். பழைய கட்டுரையைத் தூசி தட்டிக் கொடுத்த நண்பர்களுக்கோ உயர்ந்த மதிப்பெண்! புளூம்ஃபீல்டு யாரையும் அழைத்து அதட்டவில்லை. தாமே உட்கார்ந்து ஒரு கணிப்பொறி நிரலை எழுதினார். முந்தைய பருவங்களில் மின்வடிவில் வந்து சேர்ந்திருந்த 1,500-க்கு மேற்பட்ட கட்டுரைகளை அதனிடம் கொடுத்து, ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிடச் சொன்னார்.

இந்த வேலையின் அளவைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1,500 கட்டுரைகளை இரண்டிரண்டாக எடுத்தால் 11,24,250 ஜோடிகள் கிடைக்கும். ஒரு ஜோடிக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும், உண்ணாமல் உறங்காமல் ஒருவர் இருபத்தொரு ஆண்டுகள் படிக்கவேண்டும். கணிப்பொறி சில நாள்களில் முடித்துவிடும்.

விளைவு நாடெங்கும் செய்தியாயிற்று. 158 மாணவர்கள் மீது விசாரணை நடந்தது. அப்பல்கலைக்கழகத்தில் 1842 முதல் 'நன்மதிப்பு முறை' என்று ஒன்று உண்டு. மாணவர்களே நடத்தும் நீதிமன்றம் என்று அதைச் சொல்லலாம். குற்றம் உறுதியானால் அக்காலத்தில் அங்கே ஒரே தண்டனைதான்: பல்கலைக்கழகத்தை விட்டு நிரந்தர நீக்கம். (இந்தக் கடுமையைத் தளர்த்த மாணவர்கள் வாக்களித்தது 2022-இல்தான்.) விசாரணை 2002-ஆம் ஆண்டின் இறுதி வரை நீண்டது. முடிவில் குற்றம் உறுதியாகியோ தாமே ஒப்புக்கொண்டோ வெளியேறியவர்கள் 48 பேர். ஏற்கெனவே பட்டம் பெற்றுச் சென்றுவிட்ட சிலரின் பட்டங்களும் பறிக்கப்பட்டன.

158 எங்கே, 48 எங்கே? நிரல் தவறு செய்துவிட்டதா? இல்லை. 'இவ்விரண்டு கட்டுரைகளும் ஒத்திருக்கின்றன' என்று மட்டுமே அது சொன்னது. அது உண்மை. ஆனால் ஒரு ஜோடியில் ஒருவர் மூலத்தை எழுதியவர், மற்றவர் எடுத்துக்கொண்டவர். எழுதியவருள் பலருக்குத் தம் கட்டுரை இன்னொருவர் பெயரில் மறுபிறவி எடுத்ததே தெரியாது. அவர் கொடுத்து உதவினாரா, மேசையிலிருந்து எடுக்கப்பட்டதா என்பதை எந்த நிரலும் அறியாது. ஒன்றரை ஆண்டுக் காலம் மனிதர்கள் உட்கார்ந்து கேட்டுத்தான் அதைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. புளூம்ஃபீல்டு செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. நிரல் தந்த பட்டியலை அவர் விசாரணையின் தொடக்கமாக வைத்துக்கொண்டார், தீர்ப்பாக வைத்துக்கொள்ளவில்லை. அந்த நிரலைப் பின்னர் எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிட்டும் விட்டார்.

ஆறு சொற்களின் கணக்கு

நிரல் செய்யும் வேலை மிக எளியது. ஒரு கட்டுரையில் முதல் ஆறு சொற்களை ஒரு சன்னல் வழியே பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு சன்னலை ஒரு சொல் நகர்த்துங்கள். இரண்டாம் சொல் முதல் ஏழாம் சொல் வரை தெரியும். இப்படியே நகர்த்திச் சென்றால் 1,500 சொற்கள் கொண்ட கட்டுரையில் 1,495 சன்னல்கள் கிடைக்கும். ஒவ்வொரு சன்னலையும் ஓர் எண்ணாகச் சுருக்கி வைத்துக்கொண்டு, அதே எண் வேறு கட்டுரையில் வருகிறதா என்று தேடினால் போதும். இன்று கல்லூரிகள் பணம் கொடுத்து வாங்கும் பெரிய மென்பொருள்களும் அடிப்படையில் இந்த வழியைச் சார்ந்தவையே. ஒப்பிடுவதற்கு அவற்றிடம் உள்ள களஞ்சியம்தான் மிகப் பெரியது.

இனித் தமிழில் ஒரு வாக்கியத்தை எடுத்துப் பார்ப்போம்.

'கடல் மட்டத்திலிருந்து உயரே செல்லச் செல்ல நீரின் கொதிநிலை குறைகிறது.'

எட்டுச் சொற்கள்; மூன்று சன்னல்கள். இதையே, 'நீரின் கொதிநிலை கடல் மட்டத்திலிருந்து உயரே செல்லச் செல்லக் குறைகிறது' என்று மாற்றி எழுதுங்கள். ஆறு சொல் சன்னல் ஒன்றுகூடப் பொருந்தாது. 'செல்ல' என்பதோடு ஒட்டிக்கொண்ட ககர மெய்யே போதும், அதை வேறு சொல்லாக நிரல் எண்ணுவதற்கு! சொற்களை முன்பின்னாக மாற்றி வைக்கத் தமிழ் இடம் கொடுக்கும் அளவுக்கு ஆங்கிலம் கொடுப்பதில்லை. ஆகவே ஆங்கிலத்துக்கென்று வகுத்த அளவுகோல் தமிழில் களவைக் கோட்டைவிட நிறையவே வாய்ப்பு உண்டு.

மறுபக்கத்தையும் பாருங்கள். மேலே உள்ள முதல் வாக்கியத்தை யாரையும் பாராமல் நூறு பேர் எழுதக்கூடும். கொதிநிலை குறைவதை வேறு எப்படித்தான் சொல்வது? சோதனை முறையை விவரிக்கும் பகுதிகளில் இந்த ஒற்றுமை இன்னும் மிகுதியாக வரும். அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்த்து, நிறம் மாறியதும் நிறுத்த வேண்டும் என்பதை அழகு தமிழில் புதுமையாக எழுதச் சொல்வது மாணவரைத் துன்புறுத்துவது ஆகும்.

நம் நாட்டு அளவுகோல்

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ஆம் ஆண்டில் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிகளை வெளியிட்டது. அவ்விதிகளின்படி ஒற்றுமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை இருந்தால், ஆய்வேட்டைத் திருத்தி ஆறு மாதத்துக்குள் தரவேண்டும். 40-க்கு மேல் 60 வரை இருந்தால், திருத்திய ஏட்டைத் தர ஓராண்டுத் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

விதிகளை எழுதியவர்கள் யோசிக்காமல் எழுதினார்கள் என்று கூறமாட்டேன். முறையாகச் சுட்டிய மேற்கோள்களுக்கு விலக்கு உண்டு. பொதுவாக அறியப்பட்ட செய்திகளுக்கும் தற்செயலாக ஒத்துவரும் தொடர்களுக்கும் தொடர்ந்து 14 சொற்கள் வரை விலக்கு உண்டு. குழு அமைத்து விசாரிக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆயினும் மேசைக்கு வந்து சேரும்போது மிஞ்சுவது எண் மட்டுமே. ஆய்வு மாணவர்கள் சந்தித்துக்கொண்டால், 'என்ன கண்டுபிடித்தீர்கள்?' என்று கேட்பதை விட, 'எத்தனை விழுக்காடு வந்தது?' என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது.

இந்த அளவுகோலின்படி, வேறொருவர் உழைத்துக் கண்ட வரைபடத்தையும் அட்டவணையையும் எடுத்துக்கொண்டு, வாக்கியங்களை மட்டும் மாற்றியமைத்தவர் 5 விழுக்காட்டுடன் உத்தமராகிறார். தம் முந்தைய கட்டுரையின் செய்முறைப் பகுதியை நேர்மையாகத் திரும்ப எழுதியவர் 18 விழுக்காட்டுடன் கைகட்டி நிற்கிறார்.

எண்ணுக்கு அஞ்சியவர்கள் என்ன செய்வார்கள்? எண்ணைக் குறைக்கும் வழியைத் தேடுவார்கள். 2021-ஆம் ஆண்டில் கில்லோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாந்தர் மகசினோவ் என்ற மூவர், அச்சேறிய ஆய்வுக் கட்டுரைகளில் வினோதமான சொற்றொடர்களைக் கண்டார்கள். 'செயற்கை நுண்ணறிவு' என்று வரவேண்டிய இடத்தில் 'போலி உணர்வு' என்று இருந்தது. 'மார்பகப் புற்றுநோய்' என்பது வேறொரு கட்டுரையில் 'நெஞ்சகப் பேராபத்து' ஆகியிருந்தது! ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியிலிருந்து மாற்றுச் சொல் போடும் மென்பொருளின் திருவிளையாடல் இது. சித்திரவதை செய்யப்பட்ட சொற்றொடர்கள் என்று அம்மூவரும் இவற்றுக்குப் பெயரிட்டார்கள். நோயின் பெயரே மாறிப்போனதை எழுதியவரும் படிக்கவில்லை, மதிப்பிட்டவரும் படிக்கவில்லை. ஒற்றுமை எண் மட்டும் குறைவாக இருந்திருக்கும். ஆய்வாளர்களே இப்படியென்றால் பட்டப் படிப்பு மாணவர் வேறெங்கே பாடம் கற்பார்?

மூலமே இல்லாத களவு

2022 நவம்பர் 30-ஆம் நாள் சாட்ஜிபிடி வெளிவந்தது. அதற்கு முன் களவு என்றால் எங்கோ ஒரு மூலம் இருக்கும்; இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுக்கும் கட்டுரைக்கு மூலம் கிடையாது. ஒற்றுமை தேடும் மென்பொருளுக்கு அங்கே வேலை இல்லை.

உடனே இன்னொரு வகை மென்பொருள் சந்தைக்கு வந்தது. இதை எழுதியது மனிதரா, எந்திரமா என்று சொல்லிவிடுவதாக அது முழங்கியது. அதன் உத்தி என்ன? 'சூரியன் கிழக்கே' என்று நான் தொடங்கினால், அடுத்து வருவது 'உதிக்கும்' என்று நீங்கள் ஊகித்துவிடுவீர்கள். மொழி எந்திரங்கள் எழுதுவதும் ஏறத்தாழ இவ்வாறே. இடத்துக்குப் பொருந்திவரும் வாய்ப்பு மிகுந்த சொற்களைத் தேர்ந்து அடுக்கிச் செல்கின்றன. ஆகவே, ஒரு கட்டுரையில் அடுத்தடுத்த சொற்கள் எளிதில் ஊகிக்கக்கூடியனவாக இருந்தால் அது எந்திரத்தின் எழுத்து, வியப்பூட்டும் சொற்கள் நிறைய வந்தால் மனிதரின் எழுத்து என்று இந்தக் கருவிகள் கொள்கின்றன.

இதில் ஒளிந்திருக்கும் ஆபத்து உங்களைப் போன்ற வாசகர்களுக்குத்தான் மிகுதி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கும் மாணவி எப்படி எழுதுவார்? தமக்கு உறுதியாகத் தெரிந்த எளிய சொற்களில், பள்ளியில் பழகிய வாக்கிய அமைப்பில் எழுதுவார். அதாவது, எளிதில் ஊகிக்கக்கூடியபடி எழுதுவார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் இதைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் 'டோஃபல்' தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். அனைத்தும் மனிதர் எழுதியவை. ஆயினும் சராசரியாக 61.3 விழுக்காட்டை எந்திரம் எழுதியதாகக் கருவிகள் கூறின. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளை மட்டும் அநேகமாகச் சரியாகவே மதிப்பிட்டன. வேடிக்கை இன்னும் முடியவில்லை. அதே டோஃபல் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொல்வளத்தைக் கூட்டச் சொன்னார்கள். இப்போது தவறான குற்றச்சாட்டு பெருமளவு குறைந்துவிட்டது! எந்திரத்தின் உதவியைப் பெற்றவுடன், 'மனிதர்தான் எழுதினார்' என்று கருவிக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன் ஏஐ நிறுவனமே இத்தகைய கருவி ஒன்றை 2023 ஜனவரியில் வெளியிட்டது. எந்திரம் எழுதியவற்றுள் 26 விழுக்காட்டையே அது பிடிக்கும் என்றும், மனிதர் எழுதியவற்றுள் 9 விழுக்காட்டைத் தவறாகக் குற்றம் சாட்டும் என்றும் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. 9 விழுக்காடு சிறிய பிழையாகத் தோன்றுகிறதா? ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் கட்டுரைகளில் நூறு மட்டும் எந்திரம் எழுதியவை என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி அவற்றுள் 26-ஐப் பிடிக்கும். மீதி 900 நேர்மையான கட்டுரைகளில் 9 விழுக்காடு, அதாவது 81 கட்டுரைகள் மீதும் விரல் நீட்டும். ஆக, பிடிபட்ட 107 பேரில் 81 பேர் குற்றமற்றவர்கள். உண்மைக் குற்றவாளிகளில் 74 பேர் வெளியே உலவுகிறார்கள். அதே ஆண்டு ஜூலையில் அந்தக் கருவியை அந்நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகமும் இப்படி ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தது. அது பயன்படுத்திய வேறொரு கருவியின் பிழை ஒரு விழுக்காடுதான் என்று விற்றவர்கள் கூறினார்கள். ஆனால் 2022-இல் அங்கே சரிபார்க்கப்பட்ட கட்டுரைகள் 75,000. ஒரு விழுக்காடு என்றால் 750 பேர்! 2023 ஆகஸ்டில் அக்கருவியை அணைத்து வைத்துவிட்டார்கள். இந்தக் கணக்கைப் போட வகுத்தல், பெருக்கல் தெரிந்தால் போதும். நம் கல்லூரிகளிலும் கருவி வாங்குவதற்கு முன் யாராவது போட்டுப் பார்க்கலாம்.

ஊசல் சொல்லும் சாட்சி

இவ்வளவு மென்பொருளும் எட்டிப் பாராத ஓர் இடம் நம் கல்லூரிகளில் உண்டு. அது ரெக்கார்டு நோட்டு. மூத்த மாணவரின் நோட்டை வாங்கி, படம் முதல் முடிவு வரை அப்படியே இறக்கிக்கொள்வதை மாணவர்கள் களவு என்று நினைப்பதே இல்லை. அது ஒரு சடங்கு. முன்பு நோட்டே கைமாறியது. இப்போது பக்கங்களின் படங்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. விடை தெரிந்துவிட்டபடியால் அளவீடுகளையும் பின்னோக்கிக் கணக்கிட்டு நிரப்பிவிடுகிறார்கள். மென்பொருளுக்கு இது தெரியாது. ஆனால் இயற்பியல் தெரிந்த ஆசிரியருக்குத் தெரியும். எப்படி என்கிறீர்களா?

தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் ஒருமுறை ஆடி முடிக்க ஏறத்தாழ இரண்டு வினாடி. இருபது அலைவுக்கு 40 வினாடி. நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் விரல் 0.2 வினாடி முந்தலாம், பிந்தலாம். 40-இல் 0.2 என்பது அரை விழுக்காடு. புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும்போது காலத்தை வர்க்கப்படுத்துவதால் பிழை இரட்டித்து ஒரு விழுக்காடு ஆகிறது. அதாவது ஏறத்தாழ 10 செ.மீ./வினாடி². ஆகவே ஒரு வகுப்பில் அறுபது பேர் தாமே செய்து பார்த்தால் விடைகள் 970-க்கும் 990-க்கும் இடையே சிதறியிருக்கும். சில அதற்கு வெளியேயும் போகும். அறுபது நோட்டுகளிலும் 980 என்று இருந்தால் அங்கே ஊசல் ஆடவே இல்லை. போதாக்குறைக்குச் சென்னையில் அதன் உண்மை மதிப்பு சுமார் 978. கவனமாகச் செய்து 978 என்று எழுதிய மாணவரைப் பார்த்து, 'என்னப்பா, 980 வரவில்லையே, திரும்பச் செய்' என்று சொல்லும் ஆசிரியர் எதைக் கற்பிக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

மிகச் சரியாக வரும் விடை சந்தேகத்துக்குரியது என்பது அறிவியலில் பழைய பாடம். பட்டாணிச் செடிகளைக் கொண்டு மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டலின் எண்ணிக்கைகளை, ரொனால்டு ஃபிஷர் என்ற புள்ளியியல் மேதை 1936-இல் ஆராய்ந்தார். கொள்கை எதிர்பார்ப்பதற்கு அவை இயல்பை மீறி நெருக்கமாக இருக்கின்றன என்று காட்டினார். என்ன விடை வேண்டும் என்பதை அறிந்திருந்த உதவியாளர் யாரேனும் எண்ணிக்கையைச் சற்றுச் 'சீர்செய்து' இருக்கலாம் என்பது அவர் ஊகம். அதைப் பற்றிய விவாதம் பல ஆண்டுகள் ஓடியது. மெண்டலின் விதிகளுக்கு ஒரு குறையும் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வர்ஜீனியாவுக்கு ஒருமுறை திரும்பிப் போவோம். அங்கே பருவத்துக்குப் பருவம் மாணவர்கள் மாறினார்கள். ஆனால் கட்டுரைக்குத் தந்த பணி மாறவில்லை. பழைய கட்டுரை அதனால்தான் புதிதாகச் செலாவணி ஆயிற்று. இங்கும் ஒவ்வோர் ஆண்டும் அதே பத்துச் சோதனைகள், அதே ஒரு மீட்டர் நூல். இது மாணவரின் குற்றத்தைப் போக்கிவிடாது. உழைத்தும் குறைந்த மதிப்பெண் பெற்ற அந்த மாணவியின் முறையீடு நியாயமானது. காசு கொடுத்து ஆய்வேடு எழுதி வாங்குகிறவர் தம் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் இடத்தைப் பறித்துக்கொள்கிறார். ஆனால் அவரைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், அவர் செய்ததாகச் சொல்லும் வேலையைப் பற்றி அவரிடமே பேசவேண்டும்.

ஆளுக்கொரு நீளத்தில் நூலைக் கொடுக்கலாம். எடுத்த அளவீட்டை எடுத்த இடத்திலேயே மையால் எழுதச் சொல்லி, அடித்தல் திருத்தலோடு வாங்கிக்கொள்ளலாம். பிறகு வாய்மொழியாக இரண்டு கேள்விகள்: 'மூன்றாவது அளவீடு ஏன் விலகி நிற்கிறது? குண்டை இன்னும் கனமாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?' ஊசலை ஆட்டிப் பார்த்தவருக்கு இரண்டாவது கேள்வி மிக எளிது. சாட்ஜிபிடியைக் கேட்டு எழுதியவருக்கும் அதன் விடை தெரிந்திருக்கலாம்; முதல் கேள்விக்கு அவர் திணறுவார். ஆளுக்கு ஆறு நிமிடம் என்றால் அறுபது பேருக்கு ஆறு மணி நேரம். மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா ஒதுக்கும் கல்லூரிகள் பலவற்றின் கால அட்டவணையில் இந்த ஆறு மணி நேரத்துக்கு இன்னும் இடம் ஒதுக்கப்படவில்லை.